கணுவும் கணையும்

எய்யும் பொருளின் எடை கூடினால் அதன் வேகம் குறையும். வேகமாகச் செல்லும் அம்பே சிறந்த அம்பு என்று எண்ணுவதும் இயல்பு. ஆயினும், வட அமெரிக்காவின் தென்கிழக்கு நிலப்பகுதியில் வாழ்ந்த தொல்குடி வேட்டையர், கையில் எடுத்ததும் கனம் தெரியும் அம்புகளையே பெரிய விலங்குகளுக்கு எனச் செய்துவைத்தனர். உள்ளே துளையுள்ள, எடை குறைந்த ஒரு புல்லின் தண்டிலிருந்து கனமான அம்பு உருவான முறையையும், அக்கனத்தின் பின்னுள்ள அறிவியலையும் இப்பாடம் விளக்குகிறது.

கவசம் துளைத்த தண்டு

1528ஆம் ஆண்டில் ஸ்பானியப் படையொன்று இன்றைய புளோரிடாவில் கரையிறங்கியது. அப்படையில் உயிர்பிழைத்த மிகச் சிலருள் ஒருவரான கபேசா தெ வாக்கா, அப்பலாச்சி மக்களின் வில்வன்மையை வியந்து எழுதியுள்ளார். மரத்தின் அடிப்பகுதியில் ஒரு சாண் ஆழம் இறங்கி நின்ற அம்பைத் தம் கண்ணால் கண்டதாக அவர் கூறுகிறார்.

பதினொரு ஆண்டுகளுக்குப் பின், 1539இல், ஹெர்னாண்டோ தெ சோட்டோவின் பெரும்படை அதே நிலத்திற்கு வந்தது. அப்படையில் இருந்த, பெயர் தெரியாத போர்ச்சுகீசியர் ஒருவரின் குறிப்புகள் 1557இல் நூலாயின. எல்வாஸ் நகரத்துப் பெருமகன் என்றே வரலாறு அவரைக் குறிக்கிறது. அம்மக்களின் அம்புகள் நாணல் போன்ற ஒருவகைத் தண்டால் ஆனவை, மிகுந்த கனமுடையவை, முனை சீவப்பட்ட வெறுந்தண்டே கேடயத்தைத் துளைக்கும் என்பன அவர் தரும் செய்திகள். அவர் கவனித்த மற்றொன்று இன்னும் வியப்பானது. கல்முனை பொருத்திய அம்புகள் கவசத்தில் பட்டதும் இணைப்பிடத்தில் முறிந்துபோயின. முனையே இல்லாத தண்டுகளோ, பட்ட இடத்தில் சிம்புசிம்பாகப் பிளந்து, கவசத்தின் இரும்பு வளையங்களுக்கு இடையே நுழைந்து பெருங்காயம் விளைவித்தன.

இன்கா கார்சிலாசோ தெ லா வேகா 1605இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை இடம்பெறுகிறது. சிறைப்பட்ட வில்வீரர் ஒருவரிடம், கூடை ஒன்றின்மேல் போர்த்திய வளையக் கவசத்தின்மீது எய்யுமாறு ஸ்பானியர் கூறினராம். அம்பு கவசத்தின் இருபுறத்தையும் ஊடுருவிச் சென்றது. இரண்டு கவசங்களைப் போர்த்தியபோதும் துளைத்து, பாதி உள்ளும் பாதி வெளியுமாக நின்றது. கார்சிலாசோ அந்நிலத்தை நேரில் கண்டவரல்லர். படையினர் சொல்லக் கேட்டு எழுதியவர். ஆகவே அவர் கூற்றில் மிகை கலந்திருக்கலாம். எனினும் மூன்று நூல்களும் ஒரே திசையைச் சுட்டுவதால், அத்தண்டம்புகளின் ஆற்றலை ஐயுற வேண்டியதில்லை.

ஆற்று மூங்கில்

அத்தண்டு தமிழர் அறிந்த பிரம்பு அன்று. பிரம்பு, பனைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. அதன் உட்புறம் கெட்டியானது. இங்குக் குறிக்கப்படுவதோ மூங்கில் இனத்தது. அருண்டினேரியா ஜைஜான்டியா என்பது அதன் அறிவியற்பெயர். அமெரிக்கத் தென்கிழக்கின் ஆற்றுப்படுகைகளில் தானாக வளர்வதால் இதனை ஆற்று மூங்கில் எனலாம். ஏறத்தாழ ஆறு, ஏழு மீட்டர் உயரம் வரை வளரும். நிலத்தடித் தண்டின்வழிப் பரவி, மனிதர் எளிதில் நுழைய முடியாத அடர்காடாகும். பல பதின்மங்களுக்கு ஒருமுறையே பூக்கும், பூத்தபின் மடியும்.

செரோக்கி, சாக்டா முதலிய மக்கள் இத்தண்டைக் கொண்டு கூடை முடைந்தனர், பாய் நெய்தனர், ஊதுகுழல் செய்து சிறு பறவைகளை வீழ்த்தினர், மீன்பொறி அமைத்தனர். அம்பு அப்பயன்களுள் ஒன்று.

தண்டைத் தேர்ந்தெடுத்தல்

அம்பின் தரம் காட்டிலேயே தொடங்குகிறது. முதலாண்டுத் தண்டு பார்வைக்கு நேராகவும் பளபளப்பாகவும் இருக்கும். ஆனால் அதில் வலிமை இராது. உலர்ந்தால் சுருங்கும். கணுக்களைச் சுற்றிய உறைகள் உதிர்ந்து, பக்கக்கிளைகள் விட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் கடந்த தண்டே அம்புக்கு உரியது. சுண்டுவிரல் பருமனுக்குச் சற்றுக் குறைவாக, ஒன்பது முதல் பத்து மில்லிமீட்டர் வரை விட்டமுள்ளவற்றையே வெட்டுவர். கனமான அம்பு வேண்டுவோர் இன்னொன்றையும் பார்ப்பர். ஒரே பருமனுள்ள இரு தண்டுகளில் ஒன்றன் சுவர் தடித்தும் மற்றதன் சுவர் மெலிந்தும் இருக்கும். வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. வெட்டுவாயைப் பார்த்துத்தான் அறிய முடியும்.

குளிர்காலத்தில் தண்டில் சாறு குறைந்திருக்கும். அப்போது வெட்டினால் பூச்சி அரிப்பும் குறையும். தேவையான நீளத்தைவிட ஒரு சாண் கூடுதலாக விட்டு வெட்டி, இறுகக் கட்டி, நிழலில் உலர்த்துவர். வெயிலில் போட்டால் வெளிப்புறம் முதலில் சுருங்கி, நெடுக வெடிப்பு ஓடும். பல வாரங்கள், சிலபோது சில மாதங்கள், காத்திருக்க வேண்டும். பச்சை நிறம் மறைந்து வைக்கோல் நிறம் வந்து, இரு தண்டுகளைத் தட்டினால் கணீரென ஒலித்தால் உலர்ந்துவிட்டது என்று பொருள். உலர்ந்த கட்டைப் பிரித்துப் பார்க்கையில் வெடித்தவை, பூச்சி அரித்தவை, சுருங்கியவை எனப் பல கழிந்துபோகும். அக்கழிவை மனத்திற்கொண்டே முதலில் மிகுதியாக வெட்டுவர்.

நெருப்பில் நேராக்குதல்

இயற்கையில் முழுதும் நேரான மூங்கில் தண்டு இல்லை. ஒவ்வொரு கணுவிலும் அது சிறிது திரும்பி வளர்கிறது. அத்திருப்பங்களை நீக்குவதே அம்புத் தொழிலில் மிகுந்த பொறுமையை வேண்டும் பகுதி.

தண்டின்மேல் சிறிது கொழுப்பைத் தடவி, தணலுக்குமேல் ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்து, இடைவிடாது சுழற்றுவர். கொழுப்பு, தோல் கருகாமல் காக்கும். சுழற்றுவதை நிறுத்தக்கூடாது. கணுக்களுக்கு இடைப்பட்ட ஒவ்வோர் அறையும் காற்றுப்புகாமல் அடைபட்டது. உள்ளே உள்ள காற்றும் ஈரமும் ஒரேயடியாகச் சூடேறினால் தண்டு வெடிக்கும். ஆற்று மூங்கிற்காடு தீப்பற்றினால் துப்பாக்கி சுடுவதுபோல் ஒலி எழுவதும் இதனால்தான்.

தாவர இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருள் சூட்டில் இளகும். குளிர்ந்தால் மீண்டும் இறுகும். விரலால் தொட முடியாத சூடு ஏறியதும் தண்டை எடுத்து, கணுவிடைகளின் வளைவை முதலிலும் கணுக்களின் கோணலைப் பின்னரும் நிமிர்த்துவர். நேர்க்கோட்டைச் சற்றே தாண்டி எதிர்ப்புறம் வளைத்து, ஆறும்வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். கையை எடுத்தவுடன் அது நேராக வந்து நிற்கும். சூடு போதாதபோது வளைத்தால் கணுவில் முறியும். சூடு மிகுந்தால் இழை கரிந்து, பின்னாளில் எய்யும்போது உடையும். ஒரு தண்டுக்குப் பத்துக் கணு எனில், பத்து முறை இவ்வேலை நடக்கும். அதன்பின் ஒரு கண்ணை மூடி, தண்டின் நீளவாக்கில் பார்த்து, எஞ்சிய கோணல்களைத் திருத்துவர். மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பழைய வளைவு திரும்பலாம். எனவே நேராக்கும் வேலை அம்பு இருக்கும்வரை தொடர்வது.

நேரானபின் கணுவின் புடைப்பைச் சுரண்டி மழுக்குவர். மற்ற இடத்தின் பளபளப்பான மேற்றோலைத் தொடமாட்டார்கள். தண்டின் வலிமையெல்லாம் அம்மெல்லிய வெளியடுக்கின் நெருக்கமான இழைகளில்தான் உள்ளது. அழகுக்காக அதனைத் தேய்த்து வழவழப்பாக்குவது புதியவர் செய்யும் பிழை.

முன்தண்டும் இணைப்பும்

ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆற்று மூங்கில் தண்டின் எடை, சுவரின் தடிப்பிற்கு ஏற்ப, 20 முதல் 28 கிராம் வரை இருக்கும். முயலுக்கும் பறவைக்கும் அது போதும். மானுக்கும் கரடிக்கும் எடையைக் கூட்ட வேண்டும். துளைத்தண்டின் முன்வாயில் வைரம் பாய்ந்த மரத்துண்டு ஒன்றைச் செருகுவது அதற்கான வழி. அதனை முன்தண்டு எனலாம்.

டாக்வுட், லோகஸ்ட் போன்ற கெட்டி மரங்களில் ஒரு சாண் நீளத் துண்டை எடுத்து, அதன் பின்பகுதியைக் கூம்பாகச் செதுக்கித் துளைக்குள் இறுகப் பொருத்துவர். கூம்பு முடியுமிடத்தில் தண்டின் சுவரில் மோதி நிற்குமாறு ஒரு விளிம்பு விடுவர். இவ்விளிம்பு சிறியதாயினும் முதன்மையானது. அம்பு எலும்பில் மோதும்போது முன்தண்டு பின்னோக்கித் தள்ளப்படும். விளிம்பு இல்லையெனில் கூம்பு ஆப்பாக மாறி மூங்கிலைப் பிளந்துவிடும். அம்பின் எடை கூடக்கூட இவ்விடர் மிகும். ஸ்பானியக் கவசத்தில் பட்டு இணைப்பிடத்தில் முறிந்த அம்புகளை இங்கு நினைவுகொள்ளலாம். கூம்பின் நுனிக்குச் சற்றுப் பின்னால் ஒரு கணு அமையும்படி தண்டை வெட்டுவதும் இதற்கான காப்பே. கணுவின் உள்தடுப்பு பிளவு மேலே ஓடாமல் தடுக்கும்.

இணைப்பின்மேல் மானின் தசைநாரைச் சுற்றுவர். உலர்ந்த நாரை நூலாகக் கிழித்து, வாயிலிட்டு மென்று நனைத்துச் சுற்றினால், அதிலுள்ள பசையே அதனை ஒட்டிவிடும். உலரும்போது நார் சுருங்கி, இரும்புப் பூண்போல் இறுக்கும். அதன் ஒரே குறை ஈரம் தாங்காமை. ஆகவே பைன் மரப்பிசினோடு கரித்தூளும் சிறிது கொழுப்பும் சேர்த்து உருக்கி மேலே பூசுவர். பிசின் மட்டும் பூசினால் குளிரில் நொறுங்கும். கரித்தூள் அதற்கு உடல் தருகிறது.

முனைக்குச் சிக்கிமுக்கிக் கல், மான்கொம்பு, எலும்பு, வான்கோழியின் கால்முள், அலிகேட்டர் கார் என்னும் மீனின் கெட்டியான செதில் ஆகியவை பயன்பட்டன. கல்முனை எடையைக் கூட்டும், ஆழமாக வெட்டும். ஆனால் எளிதில் உடையும். முன்தண்டின் நுனியையே சீவி நெருப்பில் வாட்டிக் கடினமாக்குவதும் உண்டு. முன்தண்டு முறிந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பல நாள் உழைப்பில் நேரான மூங்கில் தப்பிவிடும்.

பின்முனையில் நாண் பொருந்தும் பள்ளத்தை ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுவர். நாணின் உதை கணுவின்மேல் விழுவதால் தண்டு பிளவாது. அங்கும் நார்க்கட்டு உண்டு. செரோக்கியர் வான்கோழி இறகுகள் இரண்டை எதிரெதிராக வைத்து, சிறிது முறுக்கிக் கட்டினர். முறுக்கிய இறகு அம்பைச் சுழலச் செய்யும். முற்றுப்பெற்ற அம்பு 40 கிராமைத் தாண்டும்.

தெரிந்து தெளிவோம்

நாணலுக்கும் அம்புக்கும் உள்ள உறவு சொல்லிலும் பதிந்துள்ளது. வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த 'சரம்' என்னும் சொல், நாணல், அம்பு ஆகிய இரண்டையும் குறிக்கும். முருகனோடு தொடர்புடைய சரவணப் பொய்கை என்பதற்கு நாணற்காடு சூழ்ந்த பொய்கை என்று பொருள்.

கனத்தின் கணக்கு

வில்லை இழுக்கும்போது அதில் ஆற்றல் சேர்கிறது. நாணை விட்டவுடன் அவ்வாற்றல் முழுவதும் அம்புக்குச் செல்வதில்லை. வில்லின் இரு கைகளும் நாணும் முன்னோக்கி விரைய, அவற்றுக்கும் ஒரு பங்கு செலவாகிறது. அமெரிக்க இயற்பியலாளர் பால் கிளாப்ஸ்டெக் 1943இல் வெளியிட்ட கட்டுரையில் இதனைத் தெளிவாக்கினார். அம்போடு கூடவே கண்ணுக்குத் தெரியாத ஒரு நிறையையும் வில் தள்ளுவதாகக் கொண்டால் கணக்கு எளிதாகும் என்பது அவர் காட்டிய வழி.

எடுத்துக்காட்டாக, ஒரு வில்லில் 60 ஜூல் ஆற்றல் சேர்கிறது. அதன் கூடுதல் நிறை 20 கிராம் எனக் கொள்வோம். 26 கிராம் அம்பை எய்தால், 46இல் 26 பங்கு, அதாவது ஏறத்தாழ 34 ஜூல் அம்புக்குக் கிடைக்கும். அது நொடிக்கு 51 மீட்டர் வேகத்தில் செல்லும். அதே வில்லில் 42 கிராம் அம்பை எய்தால், 62இல் 42 பங்கு, ஏறத்தாழ 41 ஜூல் கிடைக்கும். வேகம் நொடிக்கு 44 மீட்டர். வேகம் குறைந்தது, ஆனால் அம்பு பெற்ற ஆற்றல் கூடியது. நிறையையும் வேகத்தையும் பெருக்கிவரும் உந்தமோ 1.3இலிருந்து 1.8ஆக உயர்ந்தது. தோலையும் தசையையும் கடந்து செல்லும் அம்பை எதிர்க்கும் விசை அதனை நிறுத்த எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதை உந்தமே உறுதிசெய்கிறது.

அம்பு எடுத்துக்கொள்ளாத ஆற்றல் வில்லிலேயே தங்கி, அதிர்வாகவும் ஒலியாகவும் வெளிப்படும். மேற்கண்ட கணக்கில் இலேசான அம்பு 26 ஜூலையும் கனமான அம்பு 19 ஜூலையும் விட்டுச்செல்கின்றன. கனமான அம்பில் வில்லின் ஒலி தணிவது இதனால்தான். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வது. இருபது மீட்டர் தொலைவிலுள்ள மானின் காதை அது நொடியில் பதினாறில் ஒரு பங்கு நேரத்திற்குள் எட்டிவிடும். அம்போ அரைநொடிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் வந்துசேரும். இடைப்பட்ட நேரத்தில் மிரண்ட மான் உடலைத் தாழ்த்திப் பாய்ந்துவிடும். நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகில் படும். அவ்வாறு காயம்பட்டு ஓடிய விலங்கு பல நாள் துன்புற்று இறக்கக்கூடும். வேட்டைக்காரனின் குடும்பத்திற்கும் உணவு கிட்டாது.

கனத்திற்கு விலையும் உண்டு. காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிடினும், இருபது மீட்டர் செல்வதற்குள் 51 மீட்டர் வேக அம்பு முக்கால் மீட்டர் தாழும். 44 மீட்டர் வேக அம்பு ஒரு மீட்டர் தாழும். தொலைவைத் தவறாக மதித்தால் கனமான அம்பில் பிழை பெரிதாகும். ஆகவே இவ்வம்பை ஏந்தியவர் விலங்கை மிக நெருங்க வேண்டும். காற்றின் திசையறிந்து, ஒலியின்றி நகர்ந்து, காத்திருக்க வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்கிறது. அமெரிக்காவில் விதிகளுக்கு உட்பட்டு மரபுவில் வேட்டை இன்றும் நடைபெறுகிறது. அதில் ஈடுபடுவோரும் தொலைவைக் குறைப்பதையே முதற்பாடமாகக் கற்கின்றனர்.

வளைந்து செல்லும் அம்பு

மரபுவில்லில் அம்பு வில்லின் பக்கவாட்டில் அமர்கிறது. நாண் தள்ளியதும் தண்டு பாம்புபோல் நெளிந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியேறி, பின்னர் நேராகிறது. இந்நெளிவு வில்லின் வலிமைக்குப் பொருந்தியிருக்க வேண்டும். முன்முனையில் எடையைக் கூட்டினால் தண்டு மிகுதியாக நெளியும். மெலிந்த தண்டில் கனமான முனையைப் பொருத்தினால் அம்பு பக்கவாட்டில் விலகும், உடைந்து கையைக் கிழிக்கவும் கூடும். கனமான அம்புக்கு விறைப்பான தண்டு வேண்டுவது இதனால்தான். தண்டின் தடித்த அடிப்பக்கத்தை முன்னால் வைப்பதும் உதவும். கருவி ஏதுமின்றி, தண்டின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, நடுவில் உள்ளங்கையால் அழுத்தி விறைப்பை அறிவர். ஒத்த விறைப்புள்ளவற்றை ஒரே தூணியில் சேர்ப்பர்.

தட்டைப் போரும் மறைந்த காடும்

துப்பாக்கி 18ஆம் நூற்றாண்டில் பரவியபின் வேட்டையில் வில்லின் இடம் சுருங்கியது. 1838, 1839ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அரசு செரோக்கி மக்கள் ஏறத்தாழ 16,000 பேரைத் தாய்நிலத்திலிருந்து வெளியேற்றி, மேற்கே இன்றைய ஓக்லஹோமாவிற்கு நடத்திச் சென்றது. அப்பயணத்தில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. அம்மக்களோடு வில்லும் சென்றது. தாலக்குவாவில் ஆண்டுதோறும் நிகழும் செரோக்கி தேசிய விழாவில் மக்காச்சோளத் தட்டைப் போட்டி இன்றும் இடம்பெறுகிறது. தட்டைகளை இருபுறமும் அணைகொடுத்து நெருக்கமாக அடுக்கி, ஏறத்தாழ 80 கஜத் தொலைவிலிருந்து எய்வர். அம்பு எங்கே பட்டது என்பதற்கு மதிப்பெண் இல்லை. எத்தனை தட்டைகளைத் துளைத்தது என்பதே கணக்கு. பழைய வேட்டைக்கணக்கு விளையாட்டாக வாழ்கிறது.

தண்டுதான் அரிதாகிவிட்டது. ஆற்று மூங்கில் வளரும் மண் வளமானது என்பதை அறிந்த குடியேறிகள், அக்காடுகளையே முதலில் அழித்து உழுதனர். எஞ்சியவற்றைக் கால்நடைகள் மேய்ந்தன. தொல்குடிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இட்ட அளவான தீ நின்றுபோக, மரங்கள் ஓங்கி மூங்கிலை மூடின. முன்பிருந்த பரப்பில் இன்று இரண்டு விழுக்காட்டிற்கும் குறைவாகவே எஞ்சியுள்ளதாக ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். அக்காடுகளில் கூடுகட்டிய பாக்மன் கதிர்க்குருவி அற்றுப்போனதாக 2023இல் அமெரிக்க அரசு அறிவித்தது.

கூடை முடைவோரும் அம்பு செய்வோரும் தண்டு தேடி நெடுந்தொலைவு செல்கின்றனர். வட கரோலினாவில் தங்கிவிட்ட கிழக்குச் செரோக்கியர் உள்ளிட்டோர், ஆற்று மூங்கிலை மீண்டும் வளர்க்க முயல்கின்றனர். விதை அரிது, ஆதலால் பழைய புதரிலிருந்து வேர்த்தண்டைத் தோண்டிப் பெயர்த்து நடுகின்றனர். முதலாண்டுகளில் எழும் தளிர்கள் மெல்லியவை; அம்புக்கு உதவா. வேர்த்தண்டு நிலத்தடியில் பரவி வலுப்பெற்ற பின்னரே சுண்டுவிரல் பருமனுள்ள தண்டு மேலெழும். அது எழுந்தபின்னும், உறை உதிர்ந்து கிளைவிட்டு முதிர மேலும் இரண்டு மூன்று குளிர்காலங்கள் செல்லும்.